மூன்று ஊரில் ஒரே பாதித் தோப்பு

நூலகர் என்றால் சாந்தமானவர் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. ஓசூரில் ஒரு கலைக்கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே என் பட்டப்பெயர் 'போலீஸ்காரம்மா'. புத்தகத்தின் அடிக்குறிப்பைக்கூடச் சட்டென்று நம்பமாட்டேன். அந்தப் புத்தி ஒரு தடவை எங்கே உதவியது, எங்கே கோட்டை விட்டது என்பதை ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. ஒரே கோடாலி

பொருளாதாரத் துறை நாகரத்னா ஒரு நாள் மதியம் தன் பிஎச்.டி. ஆய்வேட்டை என் மேஜைமேல் வைத்தாள். அந்த வருஷத்துக்குள் பட்டம் வாங்கினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அடுத்தவர் எழுத்தைக் காப்பி அடித்திருந்தால் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் என்னிடம்தான் இருந்தது.

"ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுத்துருங்கக்கா. வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்" என்றாள்.

மாந்தோப்பு வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் ஏன் கம்பெனிக்குப் போகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. போர்வெல் வற்றியதால் என்பது அவள் கண்ட விடை. சாஃப்ட்வேர் ஒரு குறையும் சொல்லவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கையில் கிடைத்ததைப் படித்துத் தொலைப்பது என் கெட்ட பழக்கம். நேர்காணல் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

வேப்பனப்பள்ளி முனியம்மா சொல்கிறார்: "போர் காஞ்ச வருஷம் பாதித் தோப்பை வெட்டிச் செங்கச் சூளைக்கு வித்தோம். அப்புறம்தான் பொண்ணு கம்பெனிக்குப் போனா." சாமல்பட்டியில் இன்னொரு அம்மா. அதே பாதித் தோப்பு, அதே சூளை. குந்தாரப்பள்ளி லட்சுமம்மா சொன்னதும் அச்சு அசல் அதேதான்.

"ஏன்டி, மூணு ஊருக்கும் ஒரே கோடாலியா?" என்றேன்.

"மூணு பேரும் ஒன்னையே சொன்னா எவ்ளோ ஸ்ட்ராங் பாருங்கக்கா! எல்லாமே பிரைமரி சோர்ஸ். நானே நேர்ல போய்க் கேட்டது."

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காதவங்க வார்த்தை மாறாமச் சொல்றாங்களே, அது எப்படிடி?"

யாரோ அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏதாவது தொண்டு நிறுவனம் கூட்டம் போட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டியான கைடு முன்பு எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் சூளையே இல்லை. டைப் அடித்த கடைக்காரன் ஒரு பத்தியையே மூன்று இடத்தில் ஒட்டிவிட்டானோ என்றுகூடத் தோன்றியது. எதிரே உட்கார்ந்திருந்தவளை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"ரெக்கார்டிங் இருக்கா?" என்றேன். செல்போனை எடுத்துக் கொடுத்தாள்.

2. யாருடைய குரல்

முதலில் முனியம்மா. பாதி தெலுங்கு, பாதி தமிழ். வெட்டிய மரங்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைகிறது. அந்தக் கதை அவருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்து சாமல்பட்டி. முதலில் கேட்டது நாகரத்னாவின் குரல். "வேப்பனப்பள்ளியில ஒரு அம்மா, போர் காஞ்சதும் பாதித் தோப்பை வெட்டிச் சூளைக்கு வித்தாங்களாம். அப்புறம்தான் பொண்ணை கம்பெனிக்கு அனுப்புனாங்களாம். உங்க வீட்லயும் அப்படித்தானா?"

"ஆமாங்க மேடம்."

அவ்வளவுதான் பதில். லட்சுமம்மாவிடம் அதையே கன்னடத்தில் கேட்டிருந்தாள். ஆமாம்மா என்பதற்கு "ஹௌதம்மா" என்று ஒரே வார்த்தை.

நாகரத்னா ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். "கூச்சப்பட்டாங்கக்கா. ஒரு உதாரணம் சொன்னா வாயைத் தொறப்பாங்கன்னு நெனைச்சேன். வெறும் 'ஆமா'ன்னு எப்படி அடிக்கிறது? கேள்வியை எடுத்துட்டு முழு வாக்கியமா எழுதி டைப்புக்குக் குடுத்துட்டேன்."

ஒருத்தர் தன் வாயால் தன் அனுபவத்தைச் சொன்னால் அது முதன்மை ஆதாரம். இன்னொருவர் அதை எடுத்துச் சொன்னால் இரண்டாம் நிலை. இதை வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். நேரில் போய்க் கேட்டதனாலேயே ஒன்று முதன்மை ஆதாரம் ஆகிவிடாது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டு பேட்டிகளிலும் பேசியது நாகரத்னாதான்.

"அப்ப நான் பொய் எழுதியிருக்கேங்கிறீங்களா?" என்று அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும், "ஆமா" என்றேன்.

கைடுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. "யாரும்மா ஆடியோவைக் கேக்கப்போறா? சப்மிட் பண்ணுங்க. பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதைக் குடுத்துட்டா வேலை நிரந்தரமாயிரும். நாளைக்கு வேற யாராவது இதை நம்பி எழுதுவாங்க இல்லக்கா?"

"எழுதுவாங்க. ஆதாரம்னு உன் பேரைப் போட்டு."

வெள்ளிக்கிழமை அவள் சப்மிட் பண்ணவில்லை.

3. சந்தையில்

குந்தாரப்பள்ளி சந்தையன்று நானும் அவளோடு போனேன். லட்சுமம்மா தக்காளியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். நாகரத்னா இந்தத் தடவை கன்னடத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க பொண்ணு எதுக்கும்மா தோப்பு வேலைய விட்டா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். லட்சுமம்மாவும் பேசவில்லை. பக்கத்தில் மாட்டு பேரம் நடந்துகொண்டிருந்தது. எதையாவது எடுத்துக்கொடுக்கலாம் என்று எனக்கே நாக்கு துறுதுறுத்தது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தோப்புல கக்கூஸ் ஏதும்மா? ஒதுங்குறதுக்கு ஆம்பளைங்க கண்ணுல படாம ஓடணும். அதுக்குப் பயந்து எம்பொண்ணு நாள் பூரா தண்ணியே குடிக்கமாட்டா. நீர்க்கடுப்பு வந்து துடிச்சா. கம்பெனியில கதவு போட்ட கக்கூஸ் இருக்குதாம். அதான் போனா."

"அப்ப நீங்க வித்த தோப்பு?" என்றேன் நான்.

"எங்களுக்கு ஏதும்மா தோப்பு? நாங்க கூலிக்குப் போனவங்க."

"அப்புறம் அன்னைக்கு எதுக்கும்மா ஆமான்னீங்க?" என்றும் நானே கேட்டேன்.

"இந்தம்மா அவ்ளோ தூரம் வெயில்ல வந்து, அப்படித்தானான்னு ஆசையாக் கேட்டாங்க. இல்லைன்னா சங்கடப்படுவாங்களேன்னு சொன்னேன்."

எல்லாரையும் திரும்பப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. பட்டம் தள்ளிப்போனது. அந்த நிரந்தர இடத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்தான். நாகரத்னா இப்போது கிருஷ்ணகிரியில் வேறொரு கல்லூரியில் இருக்கிறாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் பேட்டியில் தாங்கள் கேட்ட கேள்வியையும் விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளே, நாளிதழைச் சந்தேகப்படுங்கள், புத்தகத்தைச் சந்தேகப்படுங்கள், என்னையும் சந்தேகப்படுங்கள். நீங்கள் நினைத்ததையே ஒருவர் திருப்பிச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், ரெக்கார்டிங்கைப் பின்னால் ஓட்டி உங்கள் குரலைக் கேளுங்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை அந்த ஆய்வேடு போயிருந்தால், காணி நிலம்கூட இல்லாத லட்சுமம்மா பாதித் தோப்பை விற்றவராகவே நூலக அலமாரியில் இருந்திருப்பார்.