பாதி வாளி

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம். ஆளுக்கு ஓர் அறை. கக்கூசும் குளியலறையும் ஒரே கதவுக்குள். சமையற்கட்டும் ஒன்றுதான். வாடகை குறைவு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். திறக்கவும் வராது எனக்கு. நாலு பேர் நின்றால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் போகிறவள்.

காலையில் முறைக்கு முற்றத்துக் குழாயில் வாளியில் தண்ணீர் பிடித்து, குளியலறைக் கதவருகே வரிசையில் வைக்க வேண்டும். வாளி நிறைந்திருந்தால்தான் முறை. இந்தச் சட்டம் எதிர் அறைக்காரி போட்டது. தறிக்காரர் பெண்டாட்டி, நல்ல தெம்பு. என் முழங்காலுக்குப் பாதி வாளிதான் தூக்க வரும். சர்க்கரை வேறு. முட்டினால் அடக்க முடியாது.

என் பாதி வாளியைத் தன் வாளியில் கவிழ்த்துக்கொள்வாள். காலி வாளியை உருட்டிவிடுவாள்.

"இன்னா ஆயா, அர வாளிக்கு அர மொறதான். கால மட்டும் கழுவிக்கினு போ."

சமையற்கட்டிலும் என் அடுப்பைச் சன்னலோரத்திலிருந்து வாசற்படிக்குத் தள்ளினாள். போகிறவர் கால் தூசியெல்லாம் என் ரசத்தில். நான் ஒரு தட்டைப் போட்டு மூடினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு ஊற்றிக்கொள்ள உள்ளே போனாள். இரண்டு தடவை கதவைத் தட்டினேன்.

"சீக்கா தேச்சிக்கினு கீறேன், குந்துமா!"

நின்றபடியே என் புடவை நனைந்துவிட்டது. வெளியே வந்தவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள்.

"அய்ய! இந்த ஆயாவுக்கு ஒரு சாக்கு விரிச்சி வைங்கப்பா!"

பல் துலக்கிக்கொண்டிருந்த மூலை அறைக்காரர் நுரை சிந்தச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

மறுநாள் அவள் வாளி தளும்பத் தளும்ப முதலில் இருந்தது, மேலே சோப்பு டப்பா. துண்டெடுக்க அறைக்குப் போயிருந்தாள். வாளியைத் தூக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

"எவ உள்ள? அது என் வாளி!" கதவு அதிர்ந்தது. "ஏய் கெழவி, வெளிய வா!"

அவள் காதில் விழட்டும் என்று ஒரு சொம்பு மொண்டு ஊற்றினேன். பிறகு எப்படியோ வாய் வந்தது.

"வாளி நெறஞ்சாதான் மொறன்னு நீதானேமா சொன்ன? நெறஞ்சி இருந்திச்சி. வந்துட்டேன்."

மூலை அறைக்காரர் சிரித்தது கேட்டது. இந்தத் தடவை என்னைப் பார்த்து அல்ல. அவள் சோப்பையே போட்டுக் குளித்தேன். கடைசிச் சொம்புவரை ஊற்றித் தீர்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது அவள் தன் வாளிக்குக் காவல் நிற்கிறாள். என் பாதி வாளியை யாரும் கவிழ்ப்பதில்லை. சமையற்கட்டில் என் உப்பு ஜாடிக்குள் ஈரக் கையை விடுகிறாள், தெரியும். விடட்டும். அவள் முகம் பார்த்து நான் பேசுவதில்லை. என் முறை வந்ததும் உள்ளே போய், அவளுக்குக் கேட்கும்படி தாழ்ப்பாளைப் போடுகிறேன்.