படகில் மாட்டிய ஸ்டீரியோ

என் அம்மாவின் தம்பி, கோமுகி அணையில் மீன் குத்தகைக்காரரின் இன்ஜின் படகை ஓட்டினார். நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்த மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். ரிஷிவந்தியம் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். பெண்ணின் அப்பாவுக்கு மனசு ஒட்டவில்லை. "அணையில தண்ணி வத்துனா இவுரு இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டுவிட்டுப் போனவர், காணும் பொங்கலுக்கு அணையைப் பார்க்க வருவதாக மட்டும் சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு அது போதும். கள்ளக்குறிச்சிக்குப் போய், பழைய காரில் கழற்றிய ஸ்டீரியோ ஒன்றை வாங்கிவந்தார். படகில் இருந்ததே ஒரு கிழட்டு பேட்டரி. அதில்தான் இன்ஜின் கிளம்பும். அதிலேயே இதையும் மாட்டினார். சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டது நான். ஸ்பீக்கர் பெட்டிக்கு இடம் இல்லையென்று துடுப்புகளைக் கரையில் போட்டுவிட்டார். இன்ஜின்தான் இருக்கிறதே!

காணும் பொங்கலன்று பெண்ணும் அப்பாவும் படகில் ஏறினார்கள். துணைக்கு நான், மடியில் புளிச்சோற்றுக் குண்டானும் தட்டுகளுமாக. இன்ஜின் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. நடுத் தண்ணீரில் மாமா இன்ஜினை நிறுத்தினார். மலைப்பக்கமிருந்து காற்று வர, பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பாட்டு முடிந்ததும் ஸ்டீரியோவை அணைக்கப் போனார்.

"இன்னொண்ணு ஓடட்டுமே" என்றார் அந்த அக்கா, தண்ணீரைப் பார்த்தபடி.

மாமா கையை எடுத்துக்கொண்டார். அடுத்த பாட்டுக்கும் அப்படியே. அதற்கடுத்ததில் பாடுகிறவர் தூக்கம் வந்தவர்போல் இழுத்து, நின்றே போனார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் 'டக்' என்றது. அவ்வளவுதான்.

"இன்னாப்பா, எறங்கித் தள்ளணுமா?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா மறுபடியும் சாவியைத் திருப்பிப் பார்த்தார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர் புளிச்சோற்றுக் குண்டானின் மூடியைத் தூக்கினார். மாமா தட்டை எடுத்தார். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து துடுப்புபோலத் தண்ணீரைத் தள்ளினார்கள். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது.

"அந்தாண்ட தள்ளுங்கய்யா, சுத்திக்கினே கீது!"

"ஏத்தம் எறச்ச கைப்பா இது. எனக்கே சொல்றியா?"

கரை வருவதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்து, ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் பெரியவர் கரையில் நின்ற என் அம்மாவிடம், "ஒங்க தம்பி வேல செய்வாரும்மா. மாசியில வச்சிக்கலாம்" என்றார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது: அந்த அக்கா, அதாவது என் அத்தை, பிறந்த வீட்டு டிராக்டருக்கு பேட்டரி கழற்றி மாட்டியதெல்லாம் அவர்தானாம். கிழட்டு பேட்டரி எத்தனை பாட்டு தாங்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றைக்கு நான், பாவம், இந்த அக்காவுக்குப் பாட்டென்றால் உயிர்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.