நான் ஏறாத ஏணி

படவண்டிப் பக்கத்தில் நின்று மைக் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், படம் ஓடுகிற நேரமெல்லாம் ஜனங்கள் திரையைவிட நம்மைத்தான் முறைப்பார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். அமெரிக்கத் தூதரக ஆபீசின் வண்டியில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போய் வெளிநாட்டுப் படங்களை இலவசமாகக் காட்டுவோம். இங்கிலீஷ் குரலை அடக்கிவிட்டு நான் தமிழில் விளக்கம் சொல்வேன். ஒரு படம் என்னைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்கப் பாலைவனத்தில், செங்குத்துப் பாறையின் இடுக்கில், பழங்குடிகள் எப்போதோ கட்டிவிட்டுப் போன கல் வீடுகள். முதுகில் மூட்டையோடு நாலு பேர் கள்ளிக்காட்டில் நடந்து, ஏணி ஏறி அங்கே போகிறார்கள். எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு, நல்ல விளக்கம் சொல்லும் ஆள் ஒருவரை அந்த இடத்துக்கே அனுப்பப்போவதாக ஆபீசில் சொன்னார்கள். அப்புறம் சோறு இறங்குமா?

முதல் கேள்வி

ராயபுரத்தில் துறைமுகக் கூலிகள் கூட்டம். "பாறை முந்நூறு அடி உயரம்" என்றேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, நேரில் பார்த்தாயா என்றார். படத்தில்தான் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஒரே சிரிப்பு.

"பாக்காதவன் கையில இன்னாத்துக்கு நைனா மைக்கு? குந்து!"

கப்பல் ஏறிய கதை

அந்த அவமானத்தில், வியாசர்பாடியில் அளந்துவிட்டேன். "கப்பலில் கலாசியாகப் போனபோது நானே அங்கே நடந்திருக்கிறேன்!" கூட்டம் கப்சிப். அடடா, இவ்வளவு சுலபமா! குதிகாலில் கொப்புளம், நாக்கு வறண்டது, எல்லாம் தானாக வந்தது. படம் முடிந்ததும் மில் தொழிலாளி ஒருவரின் மனைவி, அந்தப் பழங்குடிகள் ஏன் வீட்டை விட்டுப் போனார்கள் என்று கேட்டார். மழை பொய்த்ததால் என்று படித்திருப்பதாகச் சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை.

"எவனாச்சும் காலி பண்ணச் சொல்லிருப்பான். அம்மாந்தூரம் போனவன் அத்த கேட்டுக்கினு வரக்கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே போய்க் கேட்டு வரவேண்டும் போலிருந்தது.

சடையங்குப்பம்

வெள்ளம் வடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கறை. ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து படம் பார்த்தார்கள். பாறை வீட்டைப் பார்த்ததும் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"தண்ணி ஏறாத வூட்ட வுட்டுட்டுப் போனானே, அவன் பைத்தியக்காரன் மாமு."

பெரிய அதிகாரி வந்த நாள்

யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய, முகத்துவாரக்குப்பத்துக்கு வெள்ளைக்கார அதிகாரியே வந்துவிட்டார். நான் சொல்வதை ஒருவர் அவர் காதில் இங்கிலீஷில் ஓதிக்கொண்டிருந்தார். விடுவேனா? ஏணியின் பதினெட்டாம் படி காலடியில் ஆடியதையும், நான் முருகனைக் கூப்பிட்டதையும் சொன்னேன். வலைக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பயணம் எனக்குத்தான் என்று பெட்டிகூட வாங்கிவிட்டேன்.

ஆனால் உத்தரவு வந்தது கோவிந்தன் பெயருக்கு. புரொஜெக்டரில் படத்தை மாட்டிவிட்டு வண்டியில் சாய்ந்து தூங்குவானே, எங்கள் ஆபரேட்டர், அவனுக்கு! வயிறெரிந்து அதிகாரியிடம் ஓடினேன். அவர் சிரித்த முகமாகச் சொன்னார்:

"பார்க்காதவர் போகட்டும். நீங்கள்தான் ஏற்கெனவே போய்வந்துவிட்டீர்களே!"

பொய் என்று ஒப்புக்கொண்டால் இருக்கிற மைக்கும் போய்விடும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோவிந்தன் திரும்பினான்

ஆறு மாதம் கழித்து, கறுத்துப்போய் வந்து இறங்கினான். வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் முதலில் சொன்னது இதுதான்.

"அண்ணாத்தே, நானு எண்ணிக்கினே ஏறினேன். பதினெட்டாம் படி ஆடல, கெட்டியாத்தான் கீது."

என்னைப் போல மைக் பிடிக்கும் அன்பர்களே, எந்த ஊருக்காவது போக ஆசையிருந்தால் அந்த ஊரைப் பற்றி, பார்த்தவன் மாதிரிப் பேசாமல், கொஞ்சம் தடுமாறியே பேசி வையுங்கள்.