ஆழம் தெரியாத கோடு

திருக்கோகர்ணத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்த்துச் சொல்வோம். பஸ் அச்சு, பம்புசெட் ஷாப்ட் எல்லாம் வரும். செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஷாப்டை நுழைத்து மின்சாரத்தை விட்டுக் காந்தமாக்கி, மண்ணெண்ணெயில் கலந்த இரும்புத் தூளை மேலே ஊற்றினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாக ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் குறி கேட்க வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். தூள் இடத்தைத்தான் காட்டும், ஆழத்தைக் காட்டாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

விசைப்படகுகள் புதிதாக வந்துகொண்டிருந்த அறுபதுகளில் ஒருநாள், கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒருவர் படகின் விசிறியைச் சுழற்றும் ஷாப்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மனைவியின் நகையை விற்று வாங்கிய படகாம்.

"ஓடும்போது ஒரு மாதிரி அதிருதுங்க" என்றார்.

தூளை ஊற்றினேன். ஷாப்டின் நடுவில் குறுக்காக ஒரு கோடு எழுந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"பாத்துச் சொல்ல முடியாதுங்க. லேசா அரம் போட்டுத் தேய்ப்போம். கோடு போயிருச்சுன்னா மேலோட இருந்ததுதான். பயமில்லாம ஓட்டலாம்."

அரம் என்றதும் ஷாப்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். பழைய இரும்பு விற்கிறவன் விரிசலைத் தேய்த்து மறைத்துத் தலையில் கட்டிய ஷாப்ட் ஒன்று நடுக்கடலில் முறிந்து, அவர்கள் ஊர்ப் படகு ஆளோடு காணாமல் போயிருந்தது. அதிலிருந்து அந்தக் கரையில் அரம் பட்ட ஷாப்ட் என்றால் ஏமாற்றுச் சரக்கு.

"தேய்ச்சதுன்னு தெரிஞ்சா என் மச்சினனுங்களே படகுல கால் வைக்கமாட்டானுங்க. வெட்டிருங்க. வேற எவன் கையிலயும் சிக்கவேணாம்."

நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

கழித்த ஷாப்டில், கோட்டின் மேலேயே குறுக்காக ஆழமாய் ஒரு வெட்டு போடுவது எங்கள் வழக்கம். ரம்பத்தை எடுத்து வெட்டினேன். வெட்டுக்குள் தூளை ஊற்றிப் பார்த்தேன். விரிசல் நகக்கனம்கூட உள்ளே போகவில்லை. அதற்குக் கீழே எல்லாம் நல்ல இரும்பு. அதிர்ந்தது வேறெதனாலோ. நாலு இழுப்பு அரத்தில் போயிருக்கவேண்டிய கோடு.

அவர் வெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"ஆழம் தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். ஷாப்டை மறுபடி சாக்கில் சுற்றிக்கொண்டு, "வாரேங்க" என்று கிளம்பினார்.

புது ஷாப்ட் வாங்க அவருக்கு வழியில்லை. பிறகொரு தடவை கோட்டைப்பட்டினம் போனபோது விசாரித்தேன். அவர் படகு மணலில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. அவரும் மச்சினன்மாரும் வேறொருவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஏறிப்போன அந்தப் படகின் ஷாப்டை விரிசல் பார்க்க யாரும் எங்களிடம் கொண்டுவந்ததே இல்லை.