பெருவிரல் இடித்தபோது கைமாறிய பலகை

கொங்குநாட்டின் இருளை விரட்டிய கல்விக்கோயிலில், சத்தியமாக நடந்தது இது. நடந்தபோது அங்கே கரண்ட் இல்லை.

துடியலூருக்கு அப்பால், பழைய மிஷன் பங்களா ஒன்றை வாங்கி நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. தாளாளர் வெங்கடபதி. மறுநாள் பாரம்பரிய விழா. கண்காட்சியில் முதல் மரியாதை ஒரு மரப்பலகைக்கு. வெள்ளைக்காரப் பாதிரி காலத்தில், தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்களாம். இன்னொரு பிள்ளை தமிழ் பேசிப் பிடிபட்டால்தான் கைமாறும். சாயங்கால மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அதற்குப் பிரம்படி. போன வருடம் வெங்கடபதி அதே பலகையை வைத்து அந்த வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பிரம்பு மட்டும் இல்லை, சட்டம் விடாது.

ஆசிரியைகளும் வளாகத்தில் தமிழ் பேசக்கூடாது. கிருபா டீச்சருக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு மறுநாள் வரவேண்டும். ஒரு வார்த்தை தவறினால் வராது.

பொழுது சாய்ந்துவிட்டது. பழைய ஹாலில் அவள் தனியாகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது.

டொக்... டொக்...

மரம் எதிலோ இடிக்கும் சத்தம். திரும்பினாள். கண்காட்சிக்கு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் பலகை இல்லை.

கதவோரம் ஒரு குழந்தை. கழுத்தில் பலகை.

“விச் கிளாஸ்?”

அது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தது.

எதற்குக் காத்திருக்கிறதென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கோ ஹோம்...”

கிட்டே வந்தது. டொக்.

“ப்ளீஸ்... கோ...”

எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

இன்னும் கிட்டே...

நாக்கு நுனியில் ‘அம்மா’ வந்து நின்றது.

உதட்டைக் கடித்தாள்.

வெளியே காலடி. யாரோ வாசற்படியில் இடித்துக்கொண்டார்கள்.

“அய்யோ, ஆத்தா!”

விளக்கு வந்தது. குழந்தை இல்லை. வாசலில் வெங்கடபதி, கால் பெருவிரலைப் பிடித்தபடி. அவர் கழுத்தில் பலகை.

“ஏனுங்க டீச்சர், கழட்டுங்க! ஆராச்சும் பாத்துப்போட்டா மானம் போயிருமுங்க!”

“இன் இங்கிலீஷ் ப்ளீஸ், சார்,” என்றாள் கிருபா. கிண்டல் இல்லை. பயம்.

உத்தரவு மறுநாளே வந்தது. நடந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு. பலகையை அவரே எரித்துவிட்டு, விழாவைத் தள்ளிவைத்து, புதிதாக ஒன்று செய்துவரக் கிருபாவை ஆசாரியிடம் அனுப்பினார்.

“போன ஜூன்ல உங்க சாருக்குச் செஞ்சு குடுத்த அளவேதானுங்களா, அம்மணி?” என்றார் ஆசாரி. “அதையாட்டமே பழசாத் தெரியோணும்னு டீத்தண்ணி பூசிப்போடட்டுங்களா?”

பாதிரி காலத்துப் பிள்ளை யாரும் அந்தப் பலகையைச் சுமந்ததில்லை.

முதலில் சுமந்த பிள்ளை, காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டது. அதன் பெயர் கிருபாவுக்கு ஞாபகம் வரவில்லை. அதன் கழுத்தில் மாட்டிவிட்டது அவள்தான்.