வவுனியாவில் கேட்ட மறுகா

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் சனி ஞாயிறுகளில் நான் ஊர் ஊராகப் போகத் தொடங்கினேன். பள்ளிக்கூட ரீச்சருக்கு ஊர் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று எங்கள் களுவாஞ்சிக்குடியில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நான் தேடிப் போனது என் புருஷனை.

சுனாமியில் கடல் பொங்கிய அன்று காலை மீன் வாங்கவென்று கரைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. அவருடைய சைக்கிள் மட்டும் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, பஸ் போகும் தெருவில், ஒரு கடைச் சுவரில் சாத்திப் பூட்டியபடி நின்றது. அவர் தப்பிவிட்டார் என்பதற்கு அந்தப் பூட்டுத்தான் எனக்குச் சாட்சி. சனத்தோடு சனமாக ஓடி, எங்கேயோ அடிபட்டு, நினைவு தப்பிக் கிடக்கிறார் என்று நம்பினேன்.

"திதியக் குடுத்திரு புள்ள" என்று மாமி ஒவ்வொரு மார்கழியும் வந்து அழுவார். பெற்ற தாயே மகனைச் சாகக் கொடுக்க அவசரப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

"உயிரோட இருக்கிறவருக்கு ஆர் மாமி திதி குடுக்கிற?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

பொலன்னறுவையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாயை மூடிக்கொண்டேன். சிங்கள ஊரில் தமிழ் கேட்டால் நாலு தலை திரும்பும். திருகோணமலையில் விடுதிக்காரர் "தனியவா வந்தனீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். பின்னால் வருகிறவன் உளவுக்காரனோ, அக்கறையாக வழி சொல்கிறவன் என்னத்தை எதிர்பார்க்கிறானோ என்று ஒருவரையும் நம்பவில்லை. கோயில், கோட்டை ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எல்லா ஊரிலும் நான் பார்த்தது ஆம்பிளைகளின் பிடரியைத்தான்.

என் புருஷனோடு பழகிய அரிசி வியாபாரி ஒருவர் ஓட்டமாவடியில் இருந்தார். ஒருநாள் அவர் சொன்னார்: "உங்கட மாப்புளயப் போல ஒராள வவுனியாவுல கண்டன். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில." அவரையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

கடையில் பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டுத் தட்டிக்குப் பின்னால் ஒரு ஆண்குரல், "அத மறுகா பாப்பம்" என்றது. எழுந்து நின்றேன். பிறகு என்பதற்கு மறுகா என்று சொல்வது எங்கள் மட்டக்களப்புப் பக்கம். வவுனியாவில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

தட்டியை விலக்கிக்கொண்டு வந்தார். உயரமும் நடையும் அப்படியே அவர்தான். முகம் வேறு.

"அண்ணன் மட்டக்களப்புப் பக்கமா?" என்று கேட்டேன்.

"இல்ல, நான் இந்த ஊர்தான்."

"மறுகா எண்டீங்களே."

அவர் முகம் கறுத்துப்போனது. "ஆர் உங்கள அனுப்பின?" என்றார். எத்தனையோ ஊரில் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வையால் அவர் என்னைப் பார்த்தார். கைப்பையிலிருந்து என் புருஷனின் படத்தை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு, கண்டதில்லை என்று தலையாட்டினார். அவருக்குப் போன மூச்சு வந்ததை நான் கவனித்தேன்.

பஸ் ஸ்ராண்டுவரை பின்னாலேயே வந்தார்.

"தங்கச்சி, என்னைக் கண்டதெண்டு ஊர்ல சொல்லிப்போடாதீங்க. அங்க நான் கடலோட போயிட்டன். பொஞ்சாதி வருசாவருசம் திதி குடுக்காவாம். அது அப்படியே இருக்கட்டும். இங்க எனக்குக் குடும்பம் இருக்கு."

அவருடைய ஊரும் பேரும் நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லவேண்டி வரும்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சைக்கிள்தான் கண்ணுக்குள் நின்றது. மீன் வாங்கப் போகிறவர் எதற்காகப் பஸ் தெருவில் அதைப் பூட்டி வைத்தார்? இத்தனை வருடமும் வழியில் கண்டவனையெல்லாம் சந்தேகப்பட்ட நான், அவரை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. செத்திருப்பாரோ என்றுதான் பயந்திருந்தேன். இப்போது, சாகாமல் இருப்பாரோ என்று பயமாக இருந்தது.

அந்த மார்கழியில் மாமி அழுவதற்கு முன்பே ஐயருக்குச் சொல்லி அனுப்பினேன். என் புருஷனுக்குப் பிடித்த கறிகளையெல்லாம் சமைத்தேன். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது தடுமாறாமல் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வாழையிலையில் சோற்றைப் படைக்கும்போது அவரை நன்றாக நினைத்துக்கொண்டேன். எந்த ஊரில், யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்த நேரம் அவருக்குப் புரையேறட்டும் என்றுதான்.