கதிர்வேலுக்குப் பெண் பார்த்த கதை

செய்தி வந்தபோது நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். போனில் பெயரில்லாத எண். “அண்ணா, கதிர்வேல் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க.”

நான் கேட்ட முதல் கேள்வி, “நீங்க யாருங்க?”

மாதேஸ். பள்ளிபாளையத்தில் கதிர்வேலும் அவரும் வாழ்ந்த வீட்டில், அவர் போட்ட காபியை எத்தனையோ முறை குடித்திருக்கிறேன். எண்ணைப் பதிந்துவைக்கத் தோன்றியதில்லை.

கதிர்வேல் கிளை நூலகர் என்பதும், ஒரே ஒரு நாவல் எழுதினார் என்பதும் வாசகர் வட்டத்து நண்பர்களான உங்களுக்குத் தெரியும். நூலகத்தில் சந்தித்துக் காதலிக்கும் இரண்டு ஆண்களின் கதை. “காதலிக்க வேற எடமே கெடைக்கலீங்களா?” என்று ஒருமுறை சீண்டினேன். “ரெண்டு ஆம்பளைங்க எதுத்தெதுத்தாப்புல நாள் பூரா உக்காந்திருந்தாலும் எதுக்குன்னு கேக்காத எடம் நம்மூர்ல வேற எதுங்க? டீக்கடைல கூட அடுத்த டீ சொல்லச் சொல்லுவான்” என்றார்.

அந்த நாவலைப் பற்றிப் பேச நம் வாசகர் வட்டம் அவரை அழைத்தது. தொகுத்து வழங்கியது நான். அவர் பேசி முடித்ததும் அரங்கம் இறுகிப்போயிருந்தது. எனக்கு அமைதி ஆகாது. “இவ்வளவு அழகாகக் காதலை எழுதியவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாமக்கல்காரர்கள் சேர்ந்து ஒரு பெண் பார்த்துவிடுவோம்” என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் மாதேஸைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கதிர்வேல் மைக்கை வாங்கி, “பொண்ணெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு ஆளு...” என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் மாதேஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் குறுக்கே பாய்ந்து, “டீ ஆறுதுங்க, வாங்க வாங்க” என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டேன்.

முட்டை போண்டா தட்டோடு ஒரு கோழிப்பண்ணைக்காரர் நிஜமாகவே வந்து நின்றார். “என்ற மச்சினன் பொண்ணு பி.எட். முடிச்சிருக்குதுங்க சாமி.” கதிர்வேல் என்னைக் கைகாட்டினார். “பொண்ணு பாக்கறேன்னது இவருதானுங்க. இவருக்கே பேசி முடிச்சிருங்க.” பக்கத்தில் நின்ற என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

கதிர்வேல் போன அன்று போனில் மாதேஸ் இன்னொன்றும் சொன்னார். “எருமப்பட்டிக்கு, அவங்கண்ணனூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க போறப்ப நானும் கூட வாரேனுங்க. தனியாப் போனா யாருன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா ஏத்துக்குவாங்க.”

கூட்டிப்போனேன். “இவரு?” என்று கேட்டார் கதிர்வேலின் அண்ணன். மாதேஸ் என் முகத்தையே பார்த்தார். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கிய வாய். “நம்ம வாசகர் வட்டத்து ஆளுங்க” என்றது.

எனக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது. மாதேஸுக்குப் பந்தலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வரிசையில் வந்து ஒருமுறை முகம் பார்த்தார். பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாதேஸ்தான் பேச்செடுத்தார். “என்னையப் போயி வாசகர்னுட்டீங்களேண்ணா. அந்தப் புஸ்தகத்த நான் முழுசாப் படிச்சதே இல்லீங்க. ‘உனக்கெதுக்குடா, நீதான் கூடவே இருக்கறியே’ம்பாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதியில் அது அழுகையானது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்க. என்ற பேரையும் போடுங்க. அவங்கண்ணனை மட்டும் திட்டிப்போடாதீங்க. அவரு கேள்விதானுங்க கேட்டாரு.”

கதிர்வேல் போனபின் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி. அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது பதில் சொல்கிறேன்: இவர் மாதேஸ், கதிர்வேலின் துணைவர். நாமெல்லாம் எருமப்பட்டிக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தோம். கேட்க வேண்டிய வீடு பள்ளிபாளையத்தில் இருக்கிறது.